துருப்பிடித்த கப்பலும் தண்ணீர் பீரங்கியும்: பெரிய நாடு சீண்டினால் சிறிய நாடு என்ன செய்யும்?

2024 ஜூன் 17. தென்சீனக் கடலில் ஒரு பவளத்திட்டுக்குப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ் கடற்படையின் ரப்பர் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படையினர் சுற்றி வளைத்தார்கள். அவர்கள் கையில் கோடரியும் வெட்டுக்கத்தியும் இருந்தன. படகுகளைக் குத்திக் கிழித்தார்கள். பிரித்துப் பெட்டியில் வைத்திருந்த துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பிலிப்பைன்ஸ் ராணுவம் சொன்னது. அந்தக் கைகலப்பில் ஒரு பிலிப்பைன்ஸ் வீரருக்குக் கட்டைவிரல் போயிற்று. அவ்வளவு நடந்தும் பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

செய்தியைப் பார்த்தவர்களுக்கு வரும் குழப்பம் இரண்டு. அடி வாங்கிக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறார்கள் என்பது ஒன்று. இவ்வளவு பெரிய நாட்டோடு மல்லுக்கு நிற்க முடியாதென்றால் அந்தத் திட்டை விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இருக்கிறது. பெரிய நாடு ஒன்று சின்ன நாட்டைச் சீண்டும்போது, திருப்பி அடிப்பது, பணிந்துபோவது என்ற இரண்டே வழிதான் உண்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சீண்டுகிறவனுக்கும் அந்த இரண்டில் எது நடந்தாலும் சம்மதம்தான். பிலிப்பைன்ஸ் அந்த இரண்டையும் வேறுவேறு ஆண்டுகளில் ஏதோ ஓர் அளவுக்குச் செய்து பார்த்து, நன்றாக அடிபட்டு, அப்புறம்தான் மூன்றாவதாக ஒரு வழிக்கு வந்து சேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் கடல் சட்டம் தெரிய வேண்டும்.

## கடலில் எது யாருக்கு

1982-இல் உருவாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் அடிப்படை. சீனா, பிலிப்பைன்ஸ் இரண்டுமே அதில் உறுப்பினர்கள். இந்த விவகாரத்துக்குத் தேவையானது இவ்வளவுதான்:

1. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் சொந்தக் கடல். நிலம் மாதிரியே அங்கே அந்த நாட்டுக்கு முழு அதிகாரம்.

2. 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, பிரத்யேகப் பொருளாதார மண்டலம். மற்ற நாட்டுக் கப்பல்கள் அதன் வழியாகப் போகலாம், வரலாம். ஆனால் மீன், எண்ணெய், எரிவாயு எல்லாவற்றுக்கும் உரிமை கரை நாட்டுக்குத்தான்.

3. கடலுக்குள் நிற்கும் பாறை, திட்டு எல்லாம் ஒன்றல்ல. மனிதர் வாழத்தக்க தீவு என்றால் அதற்கும் 200 மைல் கிடைக்கும். ஓதம் ஏறினாலும் தலை தெரிகிற வெறும் பாறை என்றால் 12 மைல். நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டி, நீர் ஏறினால் மூழ்கிவிடுகிற திட்டு என்றால் அதற்கெனத் தனியாக எந்தக் கடலும் கிடையாது. அது யாருடைய பொருளாதார மண்டலத்தில் இருக்கிறதோ அந்த நாட்டின் உரிமைக்குள் அடங்கிவிடும்.

இந்த மூன்றாவதுதான் நம் கதைக்கு முக்கியம். மேலே சொன்ன சம்பவம் நடந்த அயுங்கின் திட்டு (ஆங்கில வரைபடங்களில் செகண்ட் தாமஸ்) நீர் வற்றும்போது மட்டும் தெரிகிற வகை. பிலிப்பைன்சின் பலாவன் தீவிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர். சீனாவின் ஹைனான் தீவோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

பிறகு சீனா எந்த அடிப்படையில் உரிமை கேட்கிறது? ஒன்பது கோடு என்று சொல்லப்படும் வரைபடம். 1947-இல், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பிருந்த சீன அரசு வெளியிட்ட பதினொரு கோட்டு வரைபடத்திலிருந்து வந்தது இது. தென்சீனக் கடலின் பெரும்பகுதியை வளைத்துக்கொண்டு மாட்டின் நாக்கு மாதிரித் தொங்கும். வரலாற்று உரிமை என்பது பெய்ஜிங்கின் வாதம். கடல் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே எங்கள் மீனவர்கள் அங்கே போய்வருகிறார்கள் என்கிறது. அந்த வாதத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

## சுடாமல் பிடிப்பது எப்படி

'கிரே ஸோன்' என்று ஒரு சொல் இந்தச் செய்திகளில் அடிக்கடி அடிபடும். போர் என்றும் சொல்ல முடியாது, அமைதி என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வேலைகளுக்கு அந்தப் பெயர். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, கப்பலை உரசுவது, லேசர் அடித்துக் கண்ணைக் கூசவைப்பது, இருநூறு மீன்பிடிப் படகுகளைக் கொண்டுவந்து கட்டிப்போட்டுவிட்டு மோசமான வானிலைக்கு ஒதுங்கியிருக்கிறோம் என்பது, இப்படி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இதற்காகவா ஒரு நாடு போருக்குப் போகும் என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அளந்து செய்யப்படும் வேலைகள் இவை.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவும் பிலிப்பைன்சும் 1951-இல் ஒரு பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பிலிப்பைன்சின் படைகள் மீதோ அரசுக் கப்பல்கள் மீதோ ஆயுதத் தாக்குதல் நடந்தால் அமெரிக்கா துணைக்கு வர வேண்டும். இதில் எல்லாமே 'ஆயுதத் தாக்குதல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. தண்ணீர் ஆயுதமா? கோடரி? அந்தக் கோட்டைத் தாண்டாமல், ஆனால் தாண்டுவதற்கு ஒரு விரற்கடை தூரம்வரை வந்து நிற்பதுதான் வித்தை. கோபத்தில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் முதலில் சுட்டுவிட்டால் சீனாவுக்கு இரட்டை லாபம். தற்காப்புக்காகத் திருப்பி அடித்தோம் என்று சொல்லிக்கொண்டு போர்க்கப்பலைக் கொண்டுவரலாம். ஆரம்பித்தது யார் என்ற குழப்பத்தில் அமெரிக்காவும் தயங்கும். துப்பாக்கியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். அந்த வீரர்களின் பொறுமையை நான் கோழைத்தனமாகப் பார்க்கவில்லை. கண் முன்னால் படகு கிழிபடும்போது சுடாமல் இருப்பதற்குச் சுடுவதைவிட நெஞ்சுரம் வேண்டும்.

சரி, சுடவேண்டாம், விலகிப் போகலாமே? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். பிலிப்பைன்சுக்கு அது பழமொழியாக இல்லை, நேரில் பார்த்த அனுபவம்.

## இரண்டு முறை ஏமாந்த கதை

1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் அமெரிக்கப் படைத்தளங்களின் காலத்தை நீட்டிக்க மறுத்தது. காலனி ஆட்சியின் நீட்சியாகவே அந்தத் தளங்களைப் பார்த்த மக்களுக்கு அது பெருமையான நாள், அதில் நியாயமும் இருந்தது. அடுத்த ஆண்டு சுபிக் தளம் காலியானது. 1995-இன் தொடக்கத்தில், பலாவனுக்கு மேற்கே மிஸ்சீஃப் திட்டில் சீனா கம்பம் நட்டுக் கொட்டகைகள் கட்டியிருந்தது தெரியவந்தது. கேட்டதற்கு மீனவர்கள் ஒதுங்க ஓர் இடம் என்றார்கள். இன்றைக்கு அதே இடத்தில் விமான ஓடுதளம் இருக்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1999-இல் பிலிப்பைன்ஸ் ஒரு காரியம் செய்தது. சியரா மாத்ரே என்ற பழைய கப்பலை அயுங்கின் திட்டின் மேல் தரைதட்ட விட்டது. 1944-இல் அமெரிக்காவில் கட்டிய டாங்கி இறக்கும் கப்பல் அது, சுமார் 100 மீட்டர் நீளம். இரண்டாம் உலகப் போரையும் வியட்நாம் போரையும் பார்த்துவிட்டு, தென்வியட்நாமின் கையிலும் சில காலம் இருந்துவிட்டு மணிலாவுக்கு வந்து சேர்ந்தது. திட்டின் மேல் ஏறியதும் தட்டிவிட்டது, எடுக்க முடியவில்லை என்றார்கள். இன்றுவரை எடுக்கவில்லை. சில வீரர்கள் அதிலேயே குடியிருக்கிறார்கள். பக்கவாட்டுத் தகடுகள் துருவேறி ஓட்டையாகிவிட்டன, ஆனாலும் அது கடற்படைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை. பதிவேட்டில் இருக்கிறவரை அது அரசுக் கப்பல், அதை அடித்தால் 1951 ஒப்பந்தம் பேசும். அந்தத் துருப்பிடித்த இரும்புக்கு இருக்கிற ஒரே பலம் அந்தச் சட்ட வரிதான்.

இரண்டாவது ஏமாற்றம் 2012-இல், லூசான் தீவுக்கு மேற்கே சுமார் 220 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்கார்பரோ திட்டில். ஏப்ரலில் எட்டுச் சீன மீன்பிடிப் படகுகள் திட்டின் உள்வாயில், அதாவது பவளம் சூழ்ந்த உள்நீரில், நின்றன. பிலிப்பைன்ஸ் தன் கடற்படையின் பெரிய கப்பலான கிரேகோரியோ தெல் பிலாரை அனுப்பியது. ஏறிப் பார்த்தால் படகு நிறைய ராட்சதக் கிளிஞ்சல், பவளம், உயிரோடு சுறா. கைது செய்யப் போகும் நேரத்தில் சீனாவின் கண்காணிப்புக் கப்பல்கள் இரண்டு நடுவில் வந்து நின்றுகொண்டன. அவை ராணுவம் சாராத கப்பல்கள், வெள்ளை வண்ணம் பூசியவை. எதிரே நிற்பதோ சாம்பல் நிறப் போர்க்கப்பல். பார்க்கிறவர்களுக்கு யார் ராணுவத்தைக் கொண்டுவந்தது என்று தெரியும்? சட்டப்படி நியாயம் கையில் இருந்தும் தவறான கப்பலை அனுப்பியதால் முதல் நாளே பேச்சில் தோற்றார்கள். சில நாளில் போர்க்கப்பலை விலக்கிக் கடலோரக் காவல்படைக் கப்பலைக் கொண்டுவந்தார்கள், ஆனாலும் போனது போனதுதான்.

அப்புறம் வாழைப்பழம். மே மாதத்தில் சீனத் துறைமுகங்களில் பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தில் பூச்சி இருக்கிறது என்று சோதனை கடுமையானது. கன்டெய்னர் கன்டெய்னராகப் பழம் அழுகியது. வாழை எத்தனை நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியும், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கும்வரை அது காத்திருக்காது. மிண்டனாவோ தீவின் வாழைத் தோட்டக்காரர்கள் மணிலாவுக்குப் போய் முறையிட்டார்கள். கடலில் நடக்கும் சண்டைக்குக் கரையிலிருந்து சொந்த மக்களே அரசை நெருக்க வேண்டும், அதற்காகத்தான் பழத்தைப் பிடித்தார்கள்.

ஜூனில் அமெரிக்கா நடுவில் பேசி இரண்டு தரப்பும் விலகுவது என்று ஓர் ஏற்பாடு. புயல் காலம் வேறு. பிலிப்பைன்ஸ் கப்பல்கள் திரும்பிவிட்டன. சீனக் கப்பல்கள் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. அப்படி எந்த ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெய்ஜிங்கின் நிலை. எழுத்தில் இல்லாத வாக்கை நம்பிக் கப்பலைத் திருப்பியதில் ஒரு திட்டே போய்விட்டது. அயுங்கினில் அந்தப் பழைய இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

## தீர்ப்பு வந்தது, பிடிக்க ஆளில்லை

2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் கடல் சட்டத்தின் கீழ் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. சீனா ஆஜராக மறுத்தது. 2016 ஜூலை 12-இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது கோட்டுக்குள் இருக்கும் வளங்களுக்கு வரலாற்று உரிமை கேட்பதற்குச் சட்ட அடிப்படை இல்லை. மிஸ்சீஃபும் அயுங்கினும் இருக்கிற ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தில் 200 மைல் கொடுக்கும் தகுதி எந்தத் திட்டுக்கும் இல்லை. மிஸ்சீஃபும் அயுங்கினும் பிலிப்பைன்சின் பொருளாதார மண்டலத்துக்குள் வருகின்றன. ஸ்கார்பரோ யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பாயம் சொல்லவில்லை, அது அதன் வேலையும் இல்லை. ஆனால் அங்கே பிலிப்பைன்ஸ் மீனவர்களைத் தடுத்தது சட்டவிரோதம் என்றது. ஏற்கவில்லை, மதிக்கப்போவதில்லை என்று சீனா அன்றைக்கே சொல்லிவிட்டது. தீர்ப்பை நிறைவேற்ற உலகத்தில் போலீஸ் கிடையாது.

வேடிக்கை இல்லை, வேதனை என்னவென்றால், தீர்ப்பு வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் ரோத்ரிகோ துதெர்தே அதிபராகப் பதவியேற்றிருந்தார். அவர் தீர்ப்பை ஓரமாக வைத்தார். அக்டோபரில் பெய்ஜிங்கில் போய் அமெரிக்காவிடமிருந்து பிரிகிறேன் என்று அறிவித்தார், பதிலுக்கு 2,400 கோடி டாலர் கடனும் முதலீடும் வருவதாகப் பேச்சு. ஸ்கார்பரோவுக்குப் பக்கத்தில் மீன்பிடிக்க விட்டார்கள், வாழைப்பழம் மறுபடி சீனாவுக்குப் போனது, இவையெல்லாம் உண்மையான லாபங்கள், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய முதலீடுகளில் பெரும்பகுதி வந்துசேரவில்லை. கடலில் நெருக்கமும் நிற்கவில்லை. 2019 ஜூனில் ரெக்டோ என்ற கடலடி மேட்டருகே நங்கூரமிட்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் மீன்படகை ஒரு சீனக் கப்பல் இரவில் மோதிவிட்டுப் போய்விட்டது. 22 மீனவர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள், ஒரு வியட்நாமியப் படகு வந்து காப்பாற்றியது. கடலில் ஆள் தத்தளிப்பதைப் பார்த்தும் போவது எந்த நாட்டு மீனவனும் மன்னிக்காத காரியம். சொந்த அதிபர் அதைச் சிறிய சம்பவம் என்று ஒதுக்கிவிட்டார். 2021 மார்ச்சில் விட்சன் திட்டில் சுமார் 220 சீனப் படகுகள் வரிசையாக நின்றன. பணிந்து பார்த்த ஐந்தாவது ஆண்டில் இருந்த காட்சி அது.

## கேமராவைக் கையில் எடுத்தது

2023 பிப்ரவரி 6-இல் அயுங்கின் அருகே ஒரு சீனக் கப்பல் அடித்த பச்சை லேசரில் மலபாஸ்குவா என்ற கடலோரக் காவல் கப்பலின் மாலுமிகளுக்குச் சிறிது நேரம் கண் தெரியாமல் போயிற்று. அதற்கு முன்பெல்லாம் இப்படி நடந்தால் அரசு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்துவிட்டு மூடிவைக்கும். துதெர்தேக்குப் பிறகு வந்த அதிபர் இளைய மார்கோஸின் அரசு இந்த முறை படத்தை வெளியிட்டது. அதிலிருந்து அதுவே கொள்கையாகிவிட்டது. ஒவ்வொரு பயணத்திலும் செய்தியாளர்களை ஏற்றிக்கொள்வது, நடந்ததை அன்றைக்கே வீடியோவாகப் போட்டுவிடுவது.

இது என்ன பெரிய உத்தி என்று தோன்றலாம். கிரே ஸோன் வேலைகளுக்கு மூலதனமே தெளிவில்லாமைதான், யார் யாரை மோதினார்கள் என்று கடல் நடுவில் யாருக்குத் தெரியும்? கேமரா அந்த மூலதனத்தில் கைவைக்கிறது. 2025 ஆகஸ்ட் 11-இல் ஸ்கார்பரோ அருகே, மீனவர்களுக்கு உதவப் போன சுலுவான் என்ற கப்பலை ஒரு சீனக் கடலோரக் காவல் கப்பலும் ஒரு சீனப் போர்க்கப்பலும் துரத்தின. துரத்திய வேகத்தில் அவை இரண்டுமே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, காவல் கப்பலின் முன்பகுதி நசுங்கியது. அத்தனையும் சுலுவானிலிருந்து படமானது. உடனே வானொலியில் உங்களுக்கு மருத்துவ உதவி வேண்டுமா என்று பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வி உலகத்துக்கு என்ன சொன்னது என்பதைப் பத்துக் கண்டன அறிக்கைகள் சொல்லியிருக்காது.

கேமராவோடு வேறு வேலைகளும் நடந்தன. அமெரிக்கப் படைகள் பயன்படுத்தக்கூடிய முகாம்கள் 5-லிருந்து 9 ஆயின. 1951 ஒப்பந்தம் கடலோரக் காவல் கப்பல்களுக்கும் தென்சீனக் கடலில் எங்கே இருந்தாலும் பொருந்தும் என்று வாஷிங்டனிடமிருந்து எழுத்தில் வாங்கினார்கள். 2012-இல் எழுத்தில் வாங்காமல் பட்ட பாடு நினைவிருக்கும் இல்லையா. ஜப்பான் ரோந்துக் கப்பல்கள் கொடுத்தது, படைகள் ஒன்றுக்கொன்று வந்துபோக 2024 ஜூலையில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்தியாவிடமிருந்து 37.5 கோடி டாலருக்கு வாங்கிய பிரம்மோஸ் ஏவுகணைகளின் முதல் தொகுதி 2024 ஏப்ரலில் பிலிப்பைன்சில் இறங்கியது.

வேறொரு காரியமும் முக்கியம். சிவப்புக் கோட்டைக் காட்டிவிட்டார்கள். 2024 மே இறுதியில் சிங்கப்பூர் மாநாட்டில் மார்கோஸ், வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் இறந்தால் அது போர்ச் செயலுக்கு மிக அருகில் வரும் என்றார். பதினேழே நாளில் கட்டைவிரல் சம்பவம். கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று சீனா தொட்டுப் பார்த்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். மணிலாவுக்குள்ளேயே அன்றைக்குக் குழப்பம்தான், ஒரு மூத்த அதிகாரி தவறுதலாக நடந்திருக்கலாம் என்றார், பாதுகாப்புச் செயலர் இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று திருத்தினார். ஆனால் ஒரு மாதத்தில், ஜூலை 21-இல், அயுங்கின் கப்பலுக்கு உணவும் ஆளும் கொண்டுபோவது பற்றி இரு நாடுகளும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன. சீனா முன்கூட்டியே தகவல் வேண்டும் என்றது, அப்படி ஒத்துக்கொள்ளவில்லை என்றது பிலிப்பைன்ஸ். இரண்டு பேரும் தங்கள் ஊரில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தது, சோறு போய்ச் சேர்ந்தது.

## சந்தையை இழுத்துப் பூட்டினால்

கப்பல் இல்லாத இடத்தில் நெருக்கடி வாழைப்பழக் கதை மாதிரித்தான் வரும். மூன்று நாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. ஆஸ்திரேலியா. கொரோனாவின் தோற்றம் பற்றிச் சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கேட்டது. அடுத்த மாதமே அதன் பார்லிக்கு 80 சதவீதத்துக்கு மேல் வரி, பிறகு ஒயினுக்கு 200 சதவீதத்தைத் தாண்டும் அளவு வரை, நிலக்கரி, கல் இறால், மரம் என்று வரிசையாக. இரும்புத் தாதுவை மட்டும் தொடவில்லை, சீனாவின் எஃகு ஆலைகளுக்கு அது வேண்டும். பார்லி சவூதிக்கும் மெக்சிகோவுக்கும் போனது, நிலக்கரி இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் போனது. நூறு கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த சீனாவுக்கு ஈடாக ஒயினுக்கு மட்டும் ஒரு சந்தை கிடைக்கவில்லை, உள்நாட்டில் தேங்கியது. கொடிகளை வேரோடு பிடுங்கிப்போட்ட விவசாயிகள் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் பார்லி வரியும் 2024 மார்ச்சில் ஒயின் வரியும் நீங்கின.

2. ஜப்பான். 2010 செப்டம்பரில் சீனாவும் உரிமை கேட்கும் செங்காகு தீவுகளருகே தன் காவல் கப்பல்களோடு மோதிய சீனப் படகின் தலைவனைப் பிடித்தது. காந்தம், மின்னணுப் பொருள்களுக்கு வேண்டிய அரியவகைக் கனிமங்கள் சீனாவிலிருந்து வருவது நின்றது. சில வாரத்தில் ஜப்பான் அவரை விட்டுவிட்டது, அன்றைக்கு அது தோல்விதான். ஆனால் மறுவருடமே ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான லைனஸில் பணம் போட்டது, குறைவாகப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்துக்குச் செலவழித்தது, உலக வர்த்தக அமைப்பில் மற்றவர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டு வென்றது. 90 சதவீத அளவில் இருந்த சீனச் சார்பு பத்தாண்டில் 60 சதவீத அளவுக்கு வந்தது.

3. லிதுவேனியா. 2021 நவம்பரில் தலைநகரில் 'தைவான்' என்ற பெயரோடு ஓர் அலுவலகம் திறக்க விட்டது. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனாவின் சுங்கக் கணினியிலிருந்து லிதுவேனியாவின் பெயரே காணாமல் போயிற்று. நேரடி வியாபாரம் கொஞ்சம்தான் என்பதால், லிதுவேனியப் பாகங்களைப் பயன்படுத்தும் ஜெர்மன் நிறுவனங்களை நெருக்கினார்கள். 2022 ஜனவரியில் நாட்டின் அதிபரே அந்தப் பெயர் ஒரு தவறு என்று வெளியில் சொன்னார். இதில் பாடம் ஐரோப்பாவுக்குத்தான். ஓர் உறுப்பு நாட்டைப் பொருளாதாரத்தால் நெருக்கினால் மொத்த ஐரோப்பிய ஒன்றியமும் பதிலடி கொடுக்க வழிசெய்யும் சட்டம் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மூன்றிலும் நெருக்கடி வந்த அன்று என்ன செய்தார்கள் என்பதைவிட, அது வந்துபோன பிறகு தங்கள் கழுத்திலிருந்த பிடியைத் தளர்த்தினார்களா என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது. ஜப்பான் அன்றைக்குக் குனிந்தது, ஆனால் அதே கயிற்றை அதே அளவுக்கு மறுபடி இறுக்க முடியாதபடி செய்துகொண்டது. துதெர்தே காலத்துப் பிலிப்பைன்ஸ் குனிந்ததோடு நின்றுவிட்டது.

## கோதுமைக் கப்பலும் ஒரு பொள்ளாச்சிக்காரரும்

இது சீனாவின் பழக்கம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1965-இல் இந்தியா அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமையில் வயிறு வளர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஒப்பந்தக் காலம் முடிந்தபோது அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்தார். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம் என்றார். விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு நிபந்தனை, வியட்நாம் போரைப் பற்றி டெல்லி பேசுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழையும் பொய்த்தது. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று அந்தக் காலத்தைச் சொல்வார்கள், அடுத்த கப்பல் தாமதமானால் ரேஷன் கடையில் தானியம் இல்லை. பட்டினியை வைத்து ஒரு நாட்டை நெருக்குவது எந்தக் கொள்கையின் பெயரில் நடந்தாலும் அசிங்கமான செயல்தான்.

இந்தியா அன்றைக்கு வெளியில் பணிந்தது. 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது, உள்நாட்டில் அதற்காக இந்திரா காந்தி வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. ஆனால் உணவு அமைச்சராக இருந்த பொள்ளாச்சிப் பக்கத்துச் சி.சுப்பிரமணியம் அதே நேரத்தில் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தார். உள்ளூர் எதிர்ப்பு நாடாளுமன்றம் வரை இருந்தது. 1964-65-இல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71-இல் 2.38 கோடி டன் ஆனது. 1971-இல் வங்கதேசப் போரின்போது வாஷிங்டனுக்கு டெல்லி மேல் அத்தனை கோபம் இருந்தும், கோதுமையை வைத்து மிரட்ட முடியவில்லை.

## இப்போது எங்கே நிற்கிறது

பிலிப்பைன்ஸ் எடுத்த வழி ஜெயித்துவிட்டது என்று சொல்ல முடியாது. கேமரா வெட்கப்படுகிறவனைத்தான் தடுக்கும். 2024-இல் சபினா திட்டில் ஐந்து மாதம் நின்ற தெரெசா மக்பனுவா என்ற 97 மீட்டர் கப்பலை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. சீனக் கப்பல்கள் மோதியதில் ஓட்டை விழுந்தது, உணவு கொண்டுவந்த படகுகளை அண்டவிடவில்லை. கடைசி வாரங்களில் மாலுமிகள் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, மழைநீரையும் ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீரையும் பிடித்துக் காய்ச்சிக் குடித்தார்கள். செப்டம்பரில் கப்பல் துறைமுகம் திரும்பியபோது சிலரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி இறக்கினார்கள்.

எண்ணிக்கையிலும் பொருத்தமில்லை. 2025 ஜனவரியில் லூசானின் சம்பாலஸ் மாகாணக் கரைக்கு வெளியே 165 மீட்டர் நீளமுள்ள 12,000 டன் சீனக் கடலோரக் காவல் கப்பலுக்கு எதிரில் போய், இது எங்கள் மண்டலம், வெளியே போங்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தது கப்ரா என்ற 44 மீட்டர் படகு. அமெரிக்காவின் வாக்கு அடுத்த அதிபர்வரை நிற்குமா என்பதும் யார் கையிலும் இல்லை. 2025 செப்டம்பரில் ஸ்கார்பரோவில் இயற்கைக் காப்பகம் அமைப்பதாகச் சீனா அறிவித்தது. கிளிஞ்சலையும் பவளத்தையும் ஏற்றிக்கொண்டு நின்ற படகுகளில் ஆரம்பித்த சண்டை அது.

கரையில் மசின்லோக் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கு இதில் எதுவும் ஆய்வு இல்லை, அன்றாடம். திட்டின் உள்வாய்க்குள் போக முடியாது, அதனால் வெளியே இன்னும் ஆழத்தில், இன்னும் நாள்கணக்கில் நிற்க வேண்டும், டீசல் செலவு எகிறிவிடும். அரசு மீன்வளத் துறையின் கப்பல்கள் டீசலும் ஐஸும் அரிசியும் கடலிலேயே கொண்டுபோய்க் கொடுக்கின்றன. சுலுவான் அந்த ஆகஸ்ட் நாளில் போனதும் இந்த வேலைக்குத்தான். டீசல் கிடைத்தால் ஒரு படகு இன்னும் சில நாள் அங்கேயே நிற்கும்.

அயுங்கினில் சியரா மாத்ரேக்குள் சோறும் தண்ணீரும் போகின்றன. சீனா திரும்பத் திரும்பக் கேட்பது வேறு: கட்டுமானப் பொருள் கொண்டுபோகக் கூடாது. 1944-இல் அடித்த தகடு உப்புத் தண்ணீரில் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அவர்களும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற வீரர்கள் அதுவரை துருப்பிடித்த இடங்களுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.